பல்கலைக்கழகம் மாற முடியுமா? பதிவு செய்ய முன் தீவகப் பெற்றோர் அறிய வேண்டியவை

அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்த நேரம் நயினாதீவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. எனக்குத் தெரிந்த குடும்பம். புத்தளத்தில் பல வருடங்கள் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள். மகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு படித்தவள்.

"சேர், மகளுக்கு கம்பஸ் கிடைச்சிருக்கு."

"அல்ஹம்துலில்லாஹ். எந்த கம்பஸ்?"

தென்பகுதியில் உள்ள ஒரு பல்கலைக்கழகத்தின் பெயரைச் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அவ்வளவு தூரத்துக்கு பொம்புளப் பிள்ளைய எப்படி அனுப்புறது? இப்ப பதிஞ்சிட்டு யாழ்ப்பாணத்துக்கு மாத்தி எடுக்கலாம் எண்டு ஒருத்தர் சொன்னார். யாரைப் பிடிச்சா நடக்கும் சேர்?"

ஒவ்வொரு வருடமும் வெட்டுப்புள்ளி வெளிவந்ததும் இப்படி இரண்டு மூன்று பெற்றோராவது கேட்கிறார்கள். வேலணை, ஊர்காவற்றுறை, நெடுந்தீவு என்று தீவகம் முழுக்க இதே கேள்விதான். யாழ்ப்பாண நகரில் மீளக்குடியேறியவர்களும் கேட்கிறார்கள். "யாரைப் பிடிப்பது" என்று தொடங்கினால் பதில் கிடைக்காது. "எந்த விதி, எப்போது" என்று கேட்டால் கிடைக்கும். அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அரச பல்கலைக்கழகம் ஒன்றில் பதிந்த பிறகு இன்னொன்றுக்கு மாறும் வழி மிகவும் ஒடுங்கியது. பிள்ளை எங்கே படிக்கப்போகிறது என்பதில் குடும்பத்தின் கையில் உள்ள பகுதி, விண்ணப்பம் நிரப்பும் நாளோடு பெரும்பாலும் முடிந்துவிடுகிறது.

தெரிவு செய்வது யார்?

பலர் நினைப்பதுபோல யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமோ தென்கிழக்குப் பல்கலைக்கழகமோ தனக்கான உள்வாரி மாணவர்களைத் தானே பொறுக்கி எடுப்பதில்லை. 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டம் அந்த அதிகாரத்தைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. நாடு முழுவதற்கும் ஒரே விண்ணப்பம், ஒரே தெரிவு. ஆகவே ஒரு பாராளுமன்ற உறுப்பினரின் கடிதத்தோடு உபவேந்தரைப் போய்ச் சந்தித்தாலும், அவர் தனியே ஒரு பிள்ளையை உள்ளே எடுக்க முடியாது.

ஆணைக்குழு பார்ப்பது இசட் புள்ளி. ஆனால் எல்லா இடங்களும் ஒரே வரிசையில் நிரப்பப்படுவதில்லை. மாவட்ட முறை பொருந்தும் ஒரு கற்கைநெறிக்கு 100 இடங்கள் என்று வைத்துக்கொள்வோம். 40 இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையில் போகும். 55 இடங்கள் 25 மாவட்டங்களுக்கும் சனத்தொகை விகிதப்படி பிரிக்கப்படும். மிகுதி 5 இடங்கள் கல்வியில் பின்தங்கியவை என்று பட்டியலிடப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. யாழ்ப்பாணம், மன்னார், புத்தளம் மூன்றும் அந்தப் பட்டியலில் உள்ளவை. அகில இலங்கைத் திறமையை மட்டும் பார்த்து நிரப்பப்படும் கற்கைநெறிகளும் உண்டு.

இந்த மாவட்ட முறைக்கு நீண்ட கதை இருக்கிறது. 1970களின் தொடக்கத்தில் தரப்படுத்தல் வந்தது, 1974இல் மாவட்ட ஒதுக்கீடு வந்தது. யாழ்ப்பாண மாணவர்கள் அன்று பட்ட அடியை மூத்தவர்கள் இன்றும் சொல்வார்கள். அதே 1974இல்தான் யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழக வளாகமும் திறக்கப்பட்டது. அந்தக் கதைக்குள் இங்கே போகவில்லை. இன்று நமக்கு வேண்டியது ஒரு விடயம்: வெட்டுப்புள்ளி மாவட்டத்துக்கு மாவட்டம் வேறு. ஒரே புள்ளி எடுத்த இரண்டு பிள்ளைகளில் ஒருவர் ஓரிடத்துக்குத் தெரிவாகி மற்றவர் தெரிவாகாமல் போவது இதனால்தான்.

நமது பிள்ளைக்கு எந்த மாவட்டம்?

நம் சமூகத்தில் அதிகம் குழப்பம் உள்ள இடம் இது.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டபோது நான் சின்னப் பிள்ளை. சில மணித்தியால அவகாசத்தில் கிளம்பினோம். புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் நடந்த வகுப்பில் படித்தேன். அன்று யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த நமது அண்ணன்மார், அக்காமாரும் அங்கே தொடர முடியாமல் போனது. விண்ணப்பமும் விதியும் இல்லாமல் நடந்த இடமாற்றம் அது. கிழக்கிலும் முஸ்லிம் மாணவர்கள் இதுபோலத் தவித்தார்கள். அந்த அனுபவங்களின் பின்னால்தான் 1995இல் தென்கிழக்குப் பல்கலைக்கழகக் கல்லூரி தொடங்கி, 1996இல் தனிப் பல்கலைக்கழகமானது.

அந்த இடம்பெயர்வால் இன்றும் பல குடும்பங்களுக்கு இரண்டு ஊர். வாக்கு யாழ்ப்பாணத்தில், வீடு புத்தளத்தில். அல்லது காணி நயினாதீவில், பிள்ளைகள் படிப்பது புத்தளத்தில். "எங்கட சொந்த ஊர் யாழ்ப்பாணம், ஆகவே யாழ்ப்பாணக் கோட்டாதானே?" என்று கேட்கிறார்கள்.

பாடசாலை வழியாகத் தோற்றும் பிள்ளைக்குப் பாடசாலைதான் கணக்கு. உயர்தரப் பரீட்சைக்கு முந்திய மூன்று வருடங்களில் பிள்ளை எந்த மாவட்டப் பாடசாலையில் படித்தது என்று பார்க்கிறார்கள். வாக்காளர் இடாப்பும் காணி உறுதியும் அந்தக் கேள்விக்குப் பதிலாகாது. புத்தளத்தில் படித்த யாழ்ப்பாணப் பிள்ளை புத்தள மாவட்டத்திலேயே கணக்கிடப்படும்.

இந்த மூன்று வருட விதி சும்மா வந்ததல்ல. வெட்டுப்புள்ளி குறைந்த மாவட்டத்துக்குக் கடைசி நேரத்தில் பிள்ளையைக் கொண்டுபோய்ச் சேர்த்து, அந்த மாவட்டப் பிள்ளையின் இடத்தைப் பிடிக்கும் பழக்கத்தைத் தடுக்கத்தான் அது. ஆகவே சாதாரண தரம் முடிந்ததும் பிள்ளையைப் புத்தளத்திலிருந்து யாழ்ப்பாணத்துக்கோ, இங்கிருந்து கொழும்புக்கோ மாற்ற நினைப்பவர்கள் மூன்று வருடக் கணக்கைப் போட்டுப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள். பாடசாலை விடுகைப் பத்திரங்களைப் பத்திரமாக வையுங்கள். சேர்ந்த திகதியும் விலகிய திகதியும் அதில் சரியாக இருக்க வேண்டும். போலிக் கடிதம் எடுத்துத் தருகிறேன் என்று எவராவது வந்தால் வாசலிலேயே திருப்பி அனுப்புங்கள். பிடிபட்டால் போவது பிள்ளையின் படிப்பு.

விருப்ப வரிசைதான் உண்மையான இடமாற்றப் படிவம்

விண்ணப்பத்தில் ஒவ்வொரு கற்கைநெறிக்கும், அது உள்ள ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் தனித்தனிக் குறியீட்டு இலக்கம் இருக்கும். பிள்ளை தனக்கு விருப்பமான ஒழுங்கில் அவற்றை வரிசைப்படுத்த வேண்டும். கணினி மேலிருந்து கீழே வரும். பிள்ளையின் புள்ளி எந்த வரியில் முதலில் பொருந்துகிறதோ அங்கே நிற்கும். கீழே யாழ்ப்பாணம் இருந்தாலும், மேலே எழுதிய தூரத்துப் பல்கலைக்கழகத்துக்குப் புள்ளி போதுமென்றால் அதுதான் கிடைக்கும்.

நான் சொன்ன நயினாதீவுப் பிள்ளைக்கு நடந்தது இதுதான். நகரத்தில் ஒரு கொமியூனிகேஷன் கடையில், அங்கே வேலை செய்யும் பையன் படிவத்தை நிரப்பிக் கொடுத்திருக்கிறான். முன்னால் வந்த இன்னொரு மாணவியின் வரிசையைப் பார்த்து அப்படியே அடித்திருக்கிறான். வாப்பாவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று தெரியாது. பிள்ளையும் சரியாகப் பார்க்கவில்லை. மூன்று நான்கு வருட வாழ்க்கையைத் தீர்மானிக்கும் பட்டியல் பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது.

ஆணைக்குழு ஒவ்வொரு வருடமும் மாணவர் அனுமதிக் கைநூலை மூன்று மொழிகளிலும் வெளியிடுகிறது. இணையத்தில் இலவசமாக எடுக்கலாம். அதையும், முந்திய வருடத்தின் மாவட்டவாரி வெட்டுப்புள்ளிப் பட்டியலையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிள்ளையோடு வாப்பாவும் உம்மாவும் இரண்டு மூன்று நாள் உட்காருங்கள். ஒவ்வொரு வரிக்கும் "இது கிடைத்தால் உண்மையாகவே அனுப்புவோமா?" என்று கேளுங்கள். அனுப்ப மாட்டோம் என்பதை மேலே போடாதீர்கள்.

முதற் சுற்றில் சிலர் பதிவு செய்யாமல் விடுவதால் இடங்கள் காலியாகும். அந்த வெற்றிடங்களை ஆணைக்குழு நிரப்பும்போதும் புள்ளியையும் விருப்ப வரிசையையும்தான் பார்க்கும். ஆகவே வரிசை முதல் நாளோடு வேலை முடிந்துபோகும் ஒன்றல்ல.

பதிந்த பிறகு மாற்றம் கேட்டால்

இரண்டு பல்கலைக்கழகங்களுக்கு இடையே மாறும் வழி முற்றாக மூடியதல்ல. ஆனால் கேட்பவர் பல படிகளைத் தாண்ட வேண்டும்.

முதலாவது, அதே கற்கைநெறி மற்றப் பல்கலைக்கழகத்திலும் இருக்க வேண்டும். பாடம் ஒன்று போலத் தெரிந்தாலும் கற்கைநெறியின் பெயரும் குறியீடும் வேறாக இருந்தால் அது வேறு கற்கைநெறிதான். சில படிப்புகள் நாட்டில் ஒரே இடத்தில்தான் உண்டு. யூனானி மருத்துவம் கொழும்புப் பல்கலைக்கழகத்தில் மட்டுமே இருக்கிறது. இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்குமான தனிப் பீடம் தென்கிழக்கில் உள்ளது. அவற்றில் சேர்ந்த பிள்ளை "யாழ்ப்பாணத்துக்கு மாற்றுங்கள்" என்று கேட்டால் மாற்ற இடமே இல்லை. சித்த மருத்துவம் யாழ்ப்பாணத்திலும் திருகோணமலை வளாகத்திலும் உள்ளதால் அங்கே கேள்வியாவது எழும்.

இரண்டாவது, போக விரும்பும் பல்கலைக்கழகத்தில் அந்தக் கற்கைநெறிக்கு உங்கள் மாவட்டத்துக்கென்று வந்த வெட்டுப்புள்ளியைப் பிள்ளை எட்டியிருக்க வேண்டும். இது நியாயமானது. அந்தப் புள்ளியை எட்டாதவரைப் பின்கதவால் எடுத்தால், ஒரு தசமம் குறைந்ததால் வெளியே நிற்கும் இன்னொரு பிள்ளைக்கு என்ன பதில் சொல்வது?

மூன்றாவது, அங்கே இடம் இருக்க வேண்டும். ஒரு வருடத்துக்கு எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தீர்மானிக்கப்பட்டது.

நான்காவது, விடுகிற பல்கலைக்கழகம், எடுக்கிற பல்கலைக்கழகம், ஆணைக்குழு மூன்றும் சம்மதிக்க வேண்டும். காரணம் வலுவாகவும் ஆவணத்தோடும் இருக்க வேண்டும். தொடர்ந்து சிகிச்சை பெற வேண்டிய நோய் என்றால் அரச வைத்தியரின் அறிக்கை இருக்கும். "வீட்டுக்குத் தூரம்" என்பது அந்த அளவுக்கு நிற்காது. நாட்டில் பாதி மாணவர்கள் அதைச் சொல்லலாம்.

இந்த விதிகளின் நுணுக்கங்களும் திகதிகளும் அந்தந்த வருடக் கைநூலில் இருக்கும். பதிந்த பிள்ளை அடுத்த வருடம் புதிய பெறுபேற்றோடு மறுபடி தெரிவுக்கு நிற்கலாமா என்பதற்கும் அங்கே விதி உண்டு. பதிய முன் அந்தப் பக்கங்களை வாசியுங்கள். ஐயம் இருந்தால் ஆணைக்குழுவிடம் எழுத்தில் கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள்.

"கிட்ட" என்பது எவ்வளவு கிட்ட?

தீவகத்துப் பெற்றோரிடம் நான் வழமையாகக் கேட்கும் கேள்வி இது. நெடுந்தீவிலிருந்து குறிகட்டுவானுக்குப் படகில் ஒரு மணித்தியாலம் அளவில் ஆகும். அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்கு பஸ்ஸில் இன்னும் ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு திருநெல்வேலி. நயினாதீவுப் படகு குறுகிய நேரம்தான், ஆனாலும் கடல் கொந்தளித்தால் அன்றைய விரிவுரை போனதுதான். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகமே கிடைத்தாலும் தினமும் வீட்டுக்கு வந்துபோக முடியாது. விடுதியோ உறவினர் வீடோ வேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் முழுவதும் திருநெல்வேலியில் இருப்பதாக நினைப்பதும் தவறு. பொறியியல் பீடமும் விவசாய பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. வவுனியா வளாகம் 2021இல் தனிப் பல்கலைக்கழகமாகிவிட்டது. மகனைப் பொறியியலுக்கு "வீட்டுக்குக் கிட்ட" மாற்ற அலைந்த ஒரு தகப்பனுக்குக் கிளிநொச்சி விடயம் என்னிடம் கேட்கும்வரை தெரியாது.

எப்படியும் பிள்ளை வெளியே தங்கித்தான் ஆக வேண்டுமென்றால், திருநெல்வேலி விடுதிக்கும் ஒலுவில் விடுதிக்கும் உள்ள வித்தியாசம் முதலில் தெரிவது போலப் பெரியதல்ல. இடமாற்றத்துக்கு அலைவதைவிட விடுதிக்கு விண்ணப்பிப்பதில் கவனம் வையுங்கள். தூரத்தைக் கிலோமீற்றரில் மட்டும் எழுதினால் தீவுப் பிள்ளையின் கஷ்டம் தெரியாது. படகு நேரம், பஸ் நேரம், கடைசிப் படகு எத்தனை மணிக்கு என்பவற்றையும் எழுதி, கிராம சேவகரின் உறுதிப்படுத்தலையும் இணையுங்கள்.

வேறு வழிகளில் மாறுதல்

உள்வாரிப் படிப்புக்கு வெளியே இந்தக் கதை வேறு. 1980இல் தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தில் இசட் புள்ளிப் போட்டி இல்லை. கட்டணம் உண்டு. கொக்குவிலில் அதன் பிராந்திய நிலையம் இருக்கிறது. வேலையோடும் வீட்டுப் பொறுப்போடும் படிப்பவர்களுக்கு அது நல்ல வழி. வெளிவாரிப் பட்டங்களும் உண்டு. ஜாமிஆ நளீமிய்யா போன்ற நிறுவனங்களின் மாணவர்கள் ஷரீஆக் கல்வியோடு வெளிவாரிப் பட்டத்தையும் முடிப்பது நமக்குப் பழகிய விடயம். ஆனால் ஒரு அறபுக் கல்லூரியில் படித்த வருடங்கள் தாமாகவே பல்கலைக்கழக வருடங்களாகக் கழிக்கப்படும் என்று எண்ணக் கூடாது.

தனியார் நிறுவனங்கள் "இரண்டு வருடம் இங்கே, மிகுதி வெளிநாட்டில்" என்று விளம்பரம் செய்கின்றன. அங்கே பேசப்படுவது கிரெடிட் கணக்கு. 2012இல் வந்த இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி ஒரு கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. பணம் கட்ட முன் மூன்று கேள்விகள் கேளுங்கள். பட்டம் யாருடைய பெயரில் வரும்? அந்த நிறுவனத்தை மானியங்கள் ஆணைக்குழு அங்கீகரிக்கிறதா? இங்கே படித்த கிரெடிட்டுகளில் எத்தனையை மற்றப் பல்கலைக்கழகம் ஏற்கும்? மூன்றாவது கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது ஏற்கப்போகும் பல்கலைக்கழகம். விற்பவர் வாயால் சொல்வது போதாது, எழுத்தில் வேண்டும்.

காத்திருப்பதால் வரும் நட்டம்

என்னிடம் படித்த ஒரு பையன் தூரத்துப் பல்கலைக்கழகம் ஒன்றில் பதிந்துவிட்டு, "மாற்றம் வரும்" என்று வீட்டிலேயே இருந்தான். விரிவுரைகளுக்கு 80 வீத வரவு தேவை என்பது அவனுக்குப் பிறகுதான் உறைத்தது. மாற்றமும் வரவில்லை, பரீட்சை எழுதவும் விடவில்லை. வெட்கத்தில் திரும்பிப் போகவில்லை. இப்போது ஒரு கடையில் நிற்கிறான். கடை வேலை இழிவல்ல. ஆனால் அவன் எடுத்த புள்ளிக்கு அது வந்துசேர வேண்டிய இடமல்ல. மாற்றத்துக்கு விண்ணப்பித்தாலும் பிள்ளை பதிந்த இடத்தில் படித்துக்கொண்டே இருக்க வேண்டும் என்று நான் எல்லோரிடமும் சொல்வது அதனால்தான்.

பெண் பிள்ளைகள் விடயத்தில் பேச்சு இன்னும் நேராக இருக்க வேண்டும். "மாற்றம் கிடைத்தால் படி, இல்லாவிட்டால் வேண்டாம்" என்று சொல்வது பெரும்பாலும் "வேண்டாம்" என்று சொல்வதற்குச் சமம். மாற்றம் கிடைப்பது எவ்வளவு அரிது என்று மேலே பார்த்தோம். தகப்பனின் பயத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கும் மகள் இருக்கிறாள். ஆனால் பயத்துக்கு மருந்து விசாரித்து அறிவது. அந்தப் பல்கலைக்கழகத்தில் ஏற்கெனவே படிக்கும் நமது பிள்ளைகள் யார், முஸ்லிம் மஜ்லிஸ் இருக்கிறதா, விடுதி எப்படி, தொழ இடம் உண்டா, பக்கத்துப் பள்ளிவாசல் ஜமாஅத் யார் என்று கேட்கலாம். ஒரு நாள் போய்ப் பார்க்கலாம்.

நயினாதீவு வாப்பாவிடமும் இதைத்தான் சொன்னேன். அவரது மகளின் கற்கைநெறி அதே பெயரில் யாழ்ப்பாணத்தில் இல்லை. முதலாவது படியிலேயே கதை முடிந்தது. பதிவுக்குக் கடைசித் திகதிக்கு இரண்டு நாள்தான் இருந்தது. அன்றிரவு அங்கே படிக்கும் ஒரு மாணவியின் தாயோடு பிள்ளையின் உம்மாவைத் தொலைபேசியில் பேச வைத்தோம். அடுத்த நாள் முதல் படகில் மூவருமாக வெளிக்கிட்டார்கள். பிள்ளை இப்போது இரண்டாம் வருடம். போன விடுமுறைக்கு வந்தபோது, உயர்தரம் எழுதிய நான்கு மாணவிகளை அழைத்து வைத்து, கைநூலைத் திறந்து விருப்ப வரிசை போடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

ஒவ்வொரு ஊரிலும் அப்படி ஒருவர் போதும். பள்ளிவாசல் நிர்வாகங்களும் பழைய மாணவர் சங்கங்களும் பெறுபேறு வந்த வாரத்தில் ஒரு மாலை நேரத்தை இதற்கு ஒதுக்கினால், கொமியூனிகேஷன் கடையில் பத்து நிமிடத்தில் நடக்கும் பிழைகள் குறையும். மாவட்டக் கணக்கைப் பத்தாம் வகுப்பிலேயே பாருங்கள். விருப்ப வரிசையை வீட்டில் போடுங்கள். கிடைத்த இடத்தில் திகதி தவறாமல் பதியுங்கள். மாற்றம் கேட்க நியாயமான காரணம் இருந்தால் ஆவணத்தோடு கேளுங்கள், பதில் வரும்வரை பிள்ளை வகுப்பில் இருக்கட்டும்.